எலுமிச்சம்பழத்து ரத்தம்

என் தோழியை அவளுடைய அப்பா மேடையில் ரம்பத்தால் இரண்டாக அறுப்பார். பள்ளிக்கூட ஆண்டு விழா, பொருட்காட்சி, கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் நீளமான மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடும்பமே போகும். அவள் பெட்டிக்குள் படுத்துக்கொள்வாள். தலை ஒரு பக்கம் தெரியும், பாதம் இன்னொரு பக்கம் தெரியும். நடுவில் ரம்பம் இறங்கும். கூட்டத்தில் பெண்கள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள்.

"உள்ள என்னாடி பண்ணுவ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முழங்காலை நெஞ்சு வரைக்கும் மடக்கிக்குவேன். அந்தப் பக்கம் தெரியற காலு ரப்பர் காலு. ஒரு வாட்டி உள்ளயே தூங்கிட்டேன். வெளிய வாம்மானு அப்பா தட்டறாரு, நான் எழுந்திருக்கவே இல்ல. ஜனங்க அழ ஆரம்பிச்சிட்டாங்க."

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் மாவட்டம் பிரிந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. ஊர் ஊராக எழுத்தறிவு இயக்கம் நடந்துகொண்டிருந்தது. நான் பட்டப்படிப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டில் சும்மா இருந்தேன். வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர்களுக்குப் பயிற்சி என்றார்கள். போனேன். அங்கேதான் போளூரிலிருந்து வந்திருந்த அவளைப் பார்த்தேன். என் வயதுதான். மெலிந்த உடம்பு, நீளமான விரல்கள். எதைச் சொன்னாலும் பாதியில் சிரித்துவிடுவாள்.

எனக்குப் பாட்டுக் குழுவில் வேலை. எங்கள் பாட்டுக்குத் தெருமுனையில் கூட்டம் சேராது. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள் முன்னால் வந்து வெறுங்கையை விரித்துக் காட்டி, காற்றில் ஒரு பிடி பிடித்து, ஒரு செவ்வந்திப் பூவை எடுத்தால் போதும். அடுப்பை அணைத்துவிட்டு வருவார்கள்.

இரவு தங்கும் இடத்தில் பாயை விரித்துப் படுத்தபடி அவள் எனக்கு எல்லாவற்றையும் விளக்குவாள். மறைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

"கையால செய்யறது ஒண்ணு இருக்குது. பெட்டியால செய்யறது ஒண்ணு. மருந்தால செய்யறது ஒண்ணு. ஆனா இதெல்லாம் சேர்ந்து பாதிதான். மீதி பாதி வாய்தான்."

கையால் செய்வதில் அவளுக்குப் பிடித்தது செப்பு. மூன்று சின்னப் பித்தளைக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றுக்குள் துணி உருண்டைகளை ஓடவிடுவாள். எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று ஒருநாளும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கயிற்றை வெட்டி ஒட்டுவாள். மூடிய கைக்குட்டைக்குள் நாணயத்தைத் தொலைப்பாள். பெட்டி வித்தை அவளுடைய அப்பாவுடையது. அறுப்பது, வாள் சொருகுவது, வெறும் தொப்பியிலிருந்து புறா எடுப்பது, எத்தனை முறை கொட்டினாலும் தண்ணீர் தீராத செம்பு. அந்தச் செம்புக்குள் இன்னொரு சுவர் இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகும், அது மேடையில் மறுபடி மறுபடி நிறையும்போது நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

மருந்து வித்தைதான் எங்கள் இயக்கத்துக்குத் தேவைப்பட்டது. சாமி வந்ததாகவும் பேய் பிடித்ததாகவும் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் செய்வதையே செய்து காட்டி, பிறகு அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுவோம். எரிகிற கற்பூரத்தை நாக்கில் வைப்பதை நான் பழகினேன். நாக்கு ஈரமாக இருக்க வேண்டும், சூடு ஏறுவதற்குள் வாயை மூடிவிட வேண்டும். முதல் முறை மூட மறந்துவிட்டேன். அம்மா வைத்த ரசத்தை வாயில் வைக்க முடியாமல் தவித்தேன். வெறுங்கையில் விபூதி வரவழைப்பது இன்னும் சுலபம். விபூதியைக் கஞ்சியில் குழைத்து உருண்டையாக உலர்த்தி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒளித்துக்கொண்டால், தேவைப்படும்போது நசுக்கினால் கொட்டும்.

ஒருநாள் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் ஒருவர் அப்படி வரவழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்களும் நம்மவர்களும் வரிசையில் நின்றிருந்தார்கள். நாங்களும் நின்றோம். தோழி பக்தியோடு வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு வெளியே வந்து, "கை ரொம்ப சுத்தம். எங்கப்பாவை விட நல்லா பண்றாரு" என்று மனதாரப் பாராட்டினாள்.

எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வரவைப்பது எங்கள் நிகழ்ச்சியில் கடைசியாக வரும். செம்பருத்திப் பூவைக் கசக்கிக் கத்தியின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து உலரவிட வேண்டும். பிறகு அந்தக் கத்தியால் பழத்தை அறுத்தால், புளிப்பு பட்டதும் பூவின் சாறு சிவந்து வழியும். முன்வரிசையில் நிற்கிறவர்கள் பின்னால் நகர்வார்கள். அந்த வித்தையை விளக்கிப் பேசுவது என் பொறுப்பு. ஊர் ஊராகப் பேசிப் பேசி எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

அது என் வீட்டுக்கே தேவைப்படும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவர், பையை வைக்காமலே கூடத்தில் நின்றார். பஸ்ஸில் ஏறிய ஒருவர், "உங்க பெரிய பொண்ண திருப்பி அனுப்பப் போறாங்களாமே, நெசந்தானா?" என்று கேட்டாராம். அப்பா டிக்கெட் கிழித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாராம்.

அக்காவை அடி அண்ணாமலையில் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாமாவுக்கு நிலம் இருந்தது, கிணறு இருந்தது. மாமனார் இல்லை. மாமியார்தான் வீட்டை நடத்தினார். சத்தமாகப் பேசுகிற, எதையும் முகத்துக்கு நேரே கேட்கிற பெண்மணி. நாங்களும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமான பிறகு அந்த வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஏதோ நடந்தது. கறந்துகொண்டிருந்த மாடு செத்தது. கிணற்று மோட்டார் எரிந்தது. நிலக்கடலை விளைச்சல் கம்மி. அக்காவுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. இதுவரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நடந்ததை அக்கா சொல்லவே இல்லை.

மறுநாள் காலையில் நான் மட்டும் போனேன். அப்பா போனால் சண்டையாகும், அம்மா போனால் அழுகையாகும் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

அக்கா மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தவள், தொடுகிற தூரத்தில் நின்றுவிட்டாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தொடாதடி. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"என்னாக்கா ஆச்சு?"

"எங்கிட்ட ஏதோ இருக்குது. கல்யாணத்துக்கு அம்மா குடுத்தாங்களே பித்தளைக் குடம், அதோட வந்துடுச்சாம். யாரோ செஞ்சி வெச்சிட்டாங்களாம்."

அத்தையின் சொந்தக்காரர் யாரோ பக்கத்து ஊரிலிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்து வந்திருக்கிறார். அவர் அக்காவை அந்தக் குடத்தில் தண்ணீர் மொண்டு வரச் சொல்லி, அவள் கையாலேயே தாம்பாளத்தில் ஊற்றச் சொல்லியிருக்கிறார். தாம்பாளத்தில் விழுந்த தண்ணீர் சிவந்திருக்கிறது. பிறகு எலுமிச்சம்பழத்தை அக்காவின் தலையைச் சுற்றி அறுத்திருக்கிறார். ரத்தம் வழிந்திருக்கிறது. செய்வினைத் தகடு வாசலில்தான் புதைந்திருக்கிறது, வருகிற அமாவாசை அன்று தோண்டி எடுத்துவிடலாம், ஆனால் கொண்டு வந்த பெண் இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் அது திரும்பத் திரும்ப வரும், அடுத்தது இந்த வீட்டு ஆண் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அக்கா சமையற்கட்டுக்குப் போகவில்லை. கிணற்றடிக்குப் போகவில்லை. யாரும் அவளைத் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. தட்டில் சோறு வைத்துத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்கள்.

"அக்கா, அந்த எலுமிச்சம்பழ வித்தையை நானே செய்வேன். ஊர் ஊரா அதைத்தான் காட்டறோம்."

"நீ செய்யறது வித்தை. இது வேற." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எங்குழந்தை போச்சுல்ல?"

மற்றவர்கள் நம்பியதைவிட, அவளே நம்பிவிட்டதுதான் என்னை உலுக்கியது. சின்ன வயதில் தேரடிப் பக்கம் ஒரு தெரு வித்தைக்காரர் கீரியையும் பாம்பையும் சண்டை விடுவதாகச் சொல்லிக் கூட்டத்தைச் சேர்த்துவிட்டு, "இப்ப எவனாவது காலை எடுத்தா ரத்தம் கக்குவான்" என்று கத்தினார். எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. நகரவே இல்லை. அக்காதான் கூட்டத்துக்குள் புகுந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். "கக்குனா கக்கிக்கலாம் வா" என்றாள். அந்த அக்காதான் இன்று சாக்கின்மேல் உட்கார்ந்து தன் கையைத் தானே மறைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானமே போளூருக்குப் பஸ் ஏறினேன். தோழி வீட்டில் பெட்டிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அமாவாசை அன்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆளை ஊர் நடுவில் வைத்து அம்பலப்படுத்தப் போகிறேன் என்றும், போலீஸிடம் போகப் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

"அவன் மேடையில நீ ஏறாத. எங்கப்பா மேடையில எவனாவது ஏறி இது பொய்யினு கத்தினா, ஜனங்க அவனைத்தான் இறக்கி விடுவாங்க. நாம அந்த மாமியார்கிட்ட போவலாம்."

"அந்தம்மாதான் எல்லாத்துக்கும் காரணமே."

"காரணமா, பயமா? மொதல்ல போய்ப் பாப்போம். உங்க வீட்ல செம்பருத்தி இருக்குதா?"

எங்கள் வீட்டுக் கொல்லையில் செம்பருத்தி இருந்தது. மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக் கத்தியிலேயே தேய்த்து உலர்த்தி, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டோம். மிச்சப் பூக்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டோம். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அத்தை கோபித்துக்கொண்டு அன்றைக்கே அக்காவைப் பெட்டியோடு அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

அத்தை பின்பக்கத்தில் முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும், "வாங்க, உக்காருங்க" என்றார். மாமா வயலுக்குப் போயிருந்தார். அக்கா கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள், வரவில்லை.

"வெயில்ல வந்தோம் அத்தை. எலுமிச்சம்பழம் ஒண்ணு இருந்தா குடுங்க, கரைச்சிக் குடிக்கலாம்" என்றாள் தோழி, ஏதோ தினமும் வந்துபோகிற வீடு போல.

அத்தை தோட்டத்து மரத்திலிருந்து தானே ஒன்றைப் பறித்து வந்து கொடுத்தார். தோழி காகிதத்தைப் பிரித்துக் கத்தியை எடுத்தாள். அத்தையின் கண் முன்னாலேயே அறுத்தாள். சிவப்பாக வழிந்து அவள் மணிக்கட்டு வரைக்கும் ஓடியது.

முறம் சரிந்தது. கடலை தரையெல்லாம் சிதறியது. அத்தை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, அத்தை, பயப்படாதீங்க." நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "உங்க மரத்துப் பழம். எங்க வீட்டுக் கத்தி. அக்கா தொடவே இல்ல. இந்தப் பூவாலதான் வருது, பாருங்க."

ஊரெல்லாம் பேசி மனப்பாடமான பேச்சு எனக்கு அங்கே வரவில்லை. பூவைத்தான் நீட்டினேன். அவர் பூவைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், தன் சொந்தக் கத்தியை எடுத்து வந்தார்.

"எப்டி தேய்க்கணும்?"

தோழி சொல்லச் சொல்ல அவரே பூவைக் கசக்கித் தேய்த்தார். வெயிலில் காயவைத்தார். அது காய்கிற வரைக்கும் மூவரும் கீழே சிதறிய கடலையைப் பொறுக்கினோம். காய்ந்ததும் அவரே இன்னொரு பழத்தைப் பறித்து வந்து அறுத்தார். சிவந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். நாக்கில் வைத்தும் பார்த்தார்.

"புளிப்புதான்" என்றார்.

"குடத்துத் தண்ணி செவந்துச்சுன்னு சொன்னாங்களே அத்தை..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அது எனக்குத் தெரியும். இப்பத் தெரியுது. ஆரத்திக்கு ஆலம் எப்டி கரைக்கறோம்? மஞ்சள்ல சுண்ணாம்பப் போட்டா செவக்குது. தாம்பாளத்துல முன்னாடியே எதையோ தடவி வெச்சிருக்கான். எத்தினி கல்யாணத்துக்கு நான் கரைச்சிருப்பேன்! அன்னிக்கி ஏன் எனக்குத் தோணல?"

"பயந்துட்டீங்க" என்றாள் தோழி.

அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அந்தச் சத்தமான பெண்மணிக்குச் சத்தமில்லாமல் அழத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "எம் பையனுக்கு ஏதாவது ஆயிடும்னு சொல்லிட்டான்மா. இவங்கப்பா போன மாதிரி இவனும் பொசுக்குனு போயிட்டா நான் என்னா பண்ணுவேன்? தூங்கி எத்தினி நாளாச்சு தெரியுமா? மருமகளப் பாத்தா பாவமா இருக்குது, மவனப் பாத்தா பயமா இருக்குது."

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடலாம் அத்தை" என்றேன்.

"எதுக்கு?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் பழையபடி ஏறியது. "ஊரே என் வாசல்ல நின்னு பாத்துச்சு. எம் மருமக கையில சூனியம் இருக்குதுனு ஊரு பேசுது. அவன் வரட்டும். அதே ஊரு வந்து பாக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசக்கூடாது. சும்மா வந்து நில்லுங்க."

அன்றே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். சொல்லத்தான் செய்தார். அக்கா தலையாட்டிக் கேட்டாளே தவிர, அவள் கண்ணில் நம்பிக்கை வரவில்லையாம். "அமாவாசை போவட்டும் அத்தை" என்று மட்டும் சொன்னாளாம்.

அமாவாசை அன்று காலையில் நானும் தோழியும் அப்பாவும் போனோம். அப்பாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தோம். வாசலில் அக்கம்பக்கத்தவர்கள் கூடியிருந்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றார். அக்காவை நடுவில் ஒரு பலகையில் உட்கார வைத்திருந்தார்கள்.

மந்திரவாதி நல்ல உயரம். காவித் துண்டை மார்போடு சுற்றியிருந்தார். கோலம் போட்டு, விளக்கேற்றி, கணீரென்ற குரலில் எதையோ சொல்ல ஆரம்பித்தார். எனக்கே உடம்பு சிலிர்த்தது. தோழி என் காதருகில், "குரலப் பாருடி" என்றாள். அவர் தன் பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

"சாமி, ஒரு நிமிஷம்" என்று அத்தை முன்னால் வந்தார். கையில் தாம்பாளம். அதில் தோட்டத்து எலுமிச்சம்பழமும், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்றிருந்த தன் கத்தியும் இருந்தன. "இதுல அறுங்க."

"அது மந்திரிச்ச கத்தி இல்லம்மா. தாங்காது."

"என் வீட்டு சூனியம் என் வீட்டுக் கத்திக்கு வராதா சாமி?"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "அதானே" என்றார். இன்னொருவர், "அறுங்க சாமி, பாப்போம்" என்றார். மந்திரவாதி அத்தையை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அத்தை பணிவாகவே நின்றார். துளிகூட ஏளனம் இல்லை. அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கத்தியை வாங்கி, அக்காவின் தலையைச் சுற்றி, பழத்தை அறுத்தார்.

வெளிறிய மஞ்சளாய் இரண்டு பாதி. நாலு கொட்டை. அவ்வளவுதான்.

அக்கா பலகையிலிருந்து கழுத்தை நீட்டி அந்தப் பழத்தைப் பார்த்தாள். அவள் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. அத்தை அந்தப் பாதிப் பழத்தை எடுத்து ஒரு செம்புத் தண்ணீரில் பிழிந்தார். இடுப்பில் சொருகியிருந்த உப்பைப் போட்டுக் கலக்கினார். கூட்டம் பார்க்க, அக்காவின் கையில் கொடுத்தார். அந்தக் கையைத்தான் இத்தனை நாளாக யாரும் தொடவில்லை. கொடுக்கும்போது அத்தை தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையைச் சேர்த்துப் பிடித்திருந்தார்.

"குடிம்மா. தண்டமா போவுதில்ல."

அக்கா குடித்தாள். கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள்.

"தகடு எடுக்கணும் இல்ல சாமி?" என்று அத்தை திரும்பினார். ஒரு வாளித் தண்ணீரை அவர் முன்னால் வைத்தார். "முழங்கை வரைக்கும் கழுவிக்குங்க. துண்டுல மண்ணு படும், கழட்டிக் குடுங்க, நான் வெச்சிருக்கேன். எங்க தோண்டணும்னு சொல்லுங்க, எம் பையன் தோண்டுவான்."

அந்த மனிதர் வாளியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். துண்டை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். மண்ணிலிருந்து எடுப்பதாகக் காட்ட வேண்டிய தகடு அதற்குள்தான் இருந்திருக்கும். கத்துவாரா? சாபம் கொடுப்பாரா? சாபம் கொடுத்தால் அக்கா மறுபடியும் உள்ளுக்குள் சுருங்கிவிடுவாளே என்று பயந்தேன்.

அவர் கண்ணை மூடினார். வானத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். கொஞ்ச நேரம் காதைக் கூர்மையாக்கி எதையோ கேட்பது போல நின்றார். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"போயிடுச்சும்மா. நாம எடுக்கறதுக்கு முன்னாடியே அதுவே மலையத் தாண்டிப் போயிடுச்சு. அதான் பழம் சுத்தமா இருக்குது. இனிமே இந்த வீட்ல ஒண்ணும் இல்ல."

அப்பா பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. அவர் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். நானும் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அத்தை எங்களை முந்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட?"

"அதுகிட்டயும் இல்ல. மகாலட்சுமி மாதிரி இருக்குது."

"எல்லாரும் கேட்டீங்களா?" அத்தை கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சாமியே சொல்லிட்டாரு. எம் மருமககிட்ட ஒண்ணும் இல்லையாம். இனிமே எவளாவது தண்ணி எடுக்கற எடத்துல இதைப் பத்திப் பேசினா எங்கிட்ட வந்து பேசுங்க."

மந்திரவாதிக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினார். அவரும் தலை குனியாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். தோழி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டிக்கிட்டு வெளிய வந்தான் பாத்தியா? அதுதான்டி பெரிய வித்தை. ஒரு வாட்டி எங்கப்பா தொப்பியில புறா இல்ல, முன்னாடியே பறந்துடுச்சு. அப்பா தொப்பிய கவுத்துக் காட்டிட்டு, இதோ புறாவ மறைய வெச்சிட்டேன்னு சொன்னாரு. அன்னிக்கிதான் ஜாஸ்தி கைதட்டு."

எல்லோரும் கலைந்த பிறகு மாமா அக்காவின் பக்கத்தில் வந்தார். இத்தனை நாளும் அவர் ஒன்றுமே பேசாமல் இருந்ததை நான் மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன். அவர் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டிருந்த பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு போய், கிணற்றடியில் சாம்பல் போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிறைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அக்கா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிவாக இருந்தது. ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். பிறகு இன்னொரு கை. பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று மத்தியானம் அத்தை எங்களுக்கெல்லாம் சோறு போட்டார். அக்கா சமையற்கட்டில் நின்று அப்பளம் பொரித்தாள். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா என் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, லேசாகக் குறட்டைவிட்டுக்கொண்டு. என் கால் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தையும் தூணில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். அப்பா அந்த இருவரையும் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய் வேட்டியின் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். அப்பா பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்பே, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

அதற்குப் பிறகு அத்தையே அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். உடம்பில் ரத்தம் கம்மி, கரு நிற்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மாத்திரை கொடுத்தார். "கையில ஒண்ணும் இல்லடி, உடம்புலதான் ரத்தம் இல்லையாம்" என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. குழந்தை போனதற்குத் தன் கை காரணமில்லை என்று ஒரு டாக்டர் சொன்னதுதான் அவளுக்குப் பெரிய மருந்து என்று நினைக்கிறேன். அடுத்த வருஷம் தீபத்துக்குக் கூட்டம் கூடிய சமயத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறகு ஒரு பையன்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் வருஷா வருஷம் பெருகியது. அக்கா வீட்டு வாசலில் அத்தை மோர்க்கடை போட்டார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பௌர்ணமி மாலை நான் என் குழந்தையோடு அங்கே போயிருந்தேன். மோர்க்கடைக்குக் கொஞ்சம் தள்ளி யாரோ ஒருவர் வெறுங்கையில் விபூதி வரவழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். போகிறவர்கள் நின்று வாங்கிக்கொண்டார்கள்.

"அவர அங்க உக்கார விட்டிருக்கீங்களே அத்தை" என்றேன்.

"விபூதி குடுத்துட்டுப் போவட்டும். யாரையும் வீட்ட விட்டு அனுப்பச் சொல்லாத வரைக்கும் எனக்கு என்னா?" மோரைக் கடைந்துகொண்டே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு பாப்பா. இப்பக்கூட எலுமிச்சம்பழம் அறுக்கும்போது ஒரு நிமிஷம் நெஞ்சு அடிச்சிக்குது. மஞ்சளா வந்ததும்தான் மூச்சு வருது."

உள்ளேயிருந்து அக்கா இன்னொரு குடம் மோரை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தாள். உடம்பு பூசியிருந்தாள். வழியில் நின்ற தன் பையனைப் பார்த்து, "தள்ளி நில்லுடா, மேல ஊத்திடுவேன்" என்று அத்தையைப் போலவே சத்தம் போட்டாள். அத்தை நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார். இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க நின்று, வருகிறவர்களுக்கு மோர் மொண்டு கொடுக்க ஆரம்பித்தார்கள்.